இரண்டாம் செவ்வாய் விலை

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, ஆண்கள் முடிவெட்டிக்கொள்ளும் சலூனுக்குள் தோளில் பையும் கையில் எழுதும் அட்டையுமாக ஒரு பெண்மணி நுழைவார். புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் ஆள் சற்று நெளிவார். போர்த்திய துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்வார். பழைய ஆட்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "விலையம்மா வந்தாச்சு, அப்ப மணி பதினொன்றரை" என்று யாராவது ஒருவர் சொல்வார். கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. இப்படி ஓர் ஆள் மாதம் தவறாமல் வரும்போது அதை ஓடவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

விலையம்மாவின் வேலை விலை கேட்பது. வாங்கமாட்டார், பேரம் பேசமாட்டார். கேட்பார், எழுதுவார், போய்விடுவார். புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. கடைத்தெருவில் அவருக்குப் பன்னிரண்டு கடை. வெங்காயம், சோப்பு, பள்ளி நோட்டு, சைக்கிள் டியூப், ரப்பர் செருப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் 'ஆண்கள் முடிவெட்டு, சாதாரணம், ஒரு தலை' என்ற வரியோடு அவருடைய தாள் முடியும். அலுவலகத்தில் பழைய வருடம் ஒன்றை எடுத்து, அந்த வருடத்து விலைகளையெல்லாம் சேர்த்து நூறு என்று வைத்திருந்தார்கள். அங்கிருந்து இந்த மாதம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்துத்தான், நாடு முன்பைவிடத் தேறியிருக்கிறதா தேய்ந்திருக்கிறதா என்று பெரிய மனிதர்கள் மேடையில் முழங்குகிறார்கள். அந்த முழக்கத்துக்கெல்லாம் அடியில் தன்னுடைய ஒரு ஜோடிச் செருப்பு இருக்கிறது என்பது விலையம்மாவின் எண்ணம். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் செருப்பு அறுந்தால் கொஞ்சம் பெருமையாகத்தான் தைக்கக் கொடுப்பார்.

அவர் பையில் நீல அட்டை போட்ட விதிப் புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். அதே கடை, அதே பொருள், அதே நாள் என்பது நான்காம் விதி. விலையைக் கேட்டதும் முகத்தில் மகிழ்ச்சியோ வருத்தமோ காட்டக் கூடாது என்பது ஏழாம் விதி. அன்றைக்கு அந்தக் கடையில் ஆட்கள் உண்மையில் என்ன கொடுக்கிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது பதினொன்று. சொந்த அபிப்பிராயம் கூடவே கூடாது என்பது பதினைந்து. சலூனில் உட்கார்ந்து பதினைந்தாம் விதியைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. காரணம், அங்கே இரண்டு பேர் நிரந்தரமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதைப் பேசினாலும் "அப்போல்லாம்" என்று தொடங்குவதால் அவர் பெயரே அப்போ அண்ணன் என்று ஆகிவிட்டது. மற்றவர் எதிர்ச்சாரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவர் இப்போ தம்பி.

"அப்போல்லாம் ஒருத்தன் சம்பாதிச்சு ஆறு பேர் சாப்பிட்டோம். இப்போ வீட்டுல மூணு பேர் சம்பாதிக்கிறான். மாசக் கடைசியில என் பென்ஷனைத்தான் பார்க்கிறான்."

"ஆறு பேர் சாப்பிட்டீங்க சரிண்ணே. வயிறு நிறைஞ்சுதா? அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்களே."

"எதுத்துப் பேசாதடா. விலையம்மா, நீங்களே சொல்லுங்க. நாடு அப்போ நல்லா இருந்துச்சா, இப்போவா? எழுதுறவங்க நீங்கதானே?"

"கேக்கிறதும் எழுதுறதும்தாங்க என் வேலை. நல்லாருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்பார் விலையம்மா. வருடக்கணக்காக ஒரே பதில்.

சலூன்காரர் இந்தச் சண்டையில் கலந்துகொள்ள மாட்டார். ஒல்லியான மனிதர், காதோரம் நரைத்துவிட்டது. யாருடைய தலையில் கை வைத்திருந்தாலும், விலையம்மா கேட்டதும் கத்திரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "நாப்பதும்மா" என்பார். எழுதியதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளின் அடியில் கையெழுத்துப் போடுவார். பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். 'குறிப்பு' என்ற கட்டத்தில் விலையம்மா 'கூட்டம் அதிகம், தொழில் நன்று' என்று எழுதிக்கொண்டு கிளம்புவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியின் அச்சு, ஒரு புதன்கிழமை முறிந்தது.

அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. விலையம்மாவுக்கு மகள் வயது. இருவரும் ஒருவரை ஒருவர் மேடம் என்றே அழைத்துக்கொண்டார்கள். ஒருவர் பதவிக்குக் கொடுத்த மரியாதை, மற்றவர் வயதுக்குக் கொடுத்தது. அன்றையும் இன்றையும் ஒப்பிட்டு, நாடு எவ்வளவு வலுத்திருக்கிறது என்று காட்டும் தடித்த புத்தகம் ஒன்றை அந்த அலுவலகம் அச்சுக்குக் கொடுக்கப்போகிறது. அதற்காக அதிகாரி ஊர் ஊராக, பொருள் பொருளாகக் கம்ப்யூட்டரில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க மேடம். இந்தக் கோட்டைக் கொஞ்சம் பாருங்க."

திரையில் கோடுகள் எல்லாம் வளைந்து நெளிந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"உங்க சலூன் மேடம். ஒன்பது வருஷமா நாப்பது. மத்த எல்லாப் பேட்டையிலயும் மூணு மடங்கு நாலு மடங்கு ஏறியிருக்கு."

"அவர் சொல்றதைத்தான் எழுதுறேன் மேடம். கையெழுத்தும் போடுறார்."

அதிகாரி ஒரு பழைய தாளை எடுத்து வைத்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. கடைசி வரியில் ஐம்பது என்று எழுதி, அடித்து, நாற்பது என்று மாற்றப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மை பரவிக் கறையாகியிருந்தது. "அன்னையில இருந்துதான் இந்தக் கோடு படுத்திருக்கு. இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?"

விலையம்மாவுக்குக் காது சூடானது. விலை எழுதுகிறவர்களுக்குள் ஒரே ஒரு பெரிய பாவம் உண்டு. கடைக்குப் போகாமல் மேசையில் உட்கார்ந்துகொண்டு போன மாத எண்ணையே எழுதி நிரப்புவது. அந்த வார்த்தையை அதிகாரி சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகமாகச் சுட்டது.

"ரெண்டு தடவை மேலிருந்து சோதனைக்கு வந்தாங்க மேடம். என்கூடவே சலூனுக்கு வந்து கேட்டாங்க. அவங்ககிட்டயும் நாப்பதுதான் சொன்னார்."

"அதையும் பார்த்தேன். எனக்கு உங்க மேல கோபம் எதுவும் இல்ல மேடம். ஆனா விளக்கம் இல்லாம நான் இதை விட முடியாது. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா உங்க தாள் அத்தனையையும் நம்பத்தகாததுன்னு ஒதுக்கிட்டுத்தான் புத்தகம் போடணும். ஒரு வரியில சந்தேகம்னா மத்த வரியையும் வச்சுக்க முடியாது."

அத்தனை தாளையும். இருபத்தாறு வருடம், பன்னிரண்டு கடை, வெயில், மழை, கணுக்கால் வலி. எட்டு மாதத்தில் ஓய்வுபெறப்போகிற மனுஷியின் காலடி முழுவதையும் ஒரே வரியில் துடைத்துவிடலாம் என்று விலையம்மாவுக்கு அதுவரை தெரியாது. எழுந்து வெளியே வந்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அந்தக் கறை படிந்த நாள் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அன்று காலை கணவரின் தொழிற்சாலை வாசலில் பூட்டுத் தொங்கியது. பதினெட்டு வருடம் உள்ளே போன மனிதர், பூட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பி வந்தார். விலையம்மா வீட்டில் எதுவும் பேசவில்லை. இரண்டாவது செவ்வாய், வேலைக்குக் கிளம்பிவிட்டார். பதினொரு கடையில் கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார், எழுதினார். பன்னிரண்டாவது கடையில் சலூன்காரர் "இந்த மாசத்துல இருந்து அம்பதும்மா" என்றதும் எங்கிருந்தோ அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. சலூன்காரர் துண்டை எடுத்துக் கொடுத்து, "அட, தப்பாச் சொல்லிட்டேன். நாப்பதுதான், நாப்பதுதான்" என்றார். அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்றே விலையம்மா அடித்து எழுதினார். அதற்குமேல் அதைப் பற்றி நினைத்ததில்லை.

வீட்டில் கணவர் இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை மூடிய பிறகு ஒன்றரை வருடம் அலைந்து, பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். அவர் நகத்தைப் பார்த்தால் அன்று ஊரில் யார் வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அன்று நீலம்.

"முடிவெட்ட இப்ப எவ்வளவுங்க ஆகுது?" என்றார் விலையம்மா, செருப்பைக் கூடக் கழற்றாமல்.

கணவர் தன் தலையைத் தடவிக்கொண்டார். கல்யாணமான மூன்றாவது வருடத்திலிருந்து பளபளவென்று இருக்கும் தலை அது. "நல்ல ஆளைப் பார்த்துக் கேட்ட போ" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. வெளிறிப்போன பச்சைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தத் துண்டு எப்போது, எப்படி வீட்டுக்கு வந்தது என்று இருவருக்கும் மறந்துவிட்டது. துவைத்துத் துவைத்து மென்மையாகிவிட்டதால் அவருடைய தலைக்கு அதுதான் சரி என்று வைத்திருந்தார்.

"நீ மேசையில உக்காந்து எழுதுற ஆளா? காய்ச்சலோட போயிருக்க. உன் அம்மா காரியம் முடிஞ்ச மறுநாள் போயிருக்க. எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "ஒண்ணு செய். நாளைக்கோ நாளன்னைக்கோ சும்மா போய் அந்தக் கடையைப் பாரு."

"செவ்வாய்க்கிழமை இல்லாமலா?"

"ஏம்மா, வெள்ளிக்கிழமை போனா கடைக்காரர் கடிச்சு வச்சிடுவாரா?"

விலையம்மா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், இருபத்தாறு வருடத்தில் அவர் அந்தக் கடைத்தெருவுக்கு வேறு கிழமையில் போனதே இல்லை. தனக்கு வேண்டிய உப்பு, பருப்பைக்கூட இரண்டு தெரு தள்ளி வேறு கடையில்தான் வாங்குவார். தெரிந்த முகமென்று விலை குறைத்துக் கொடுத்து, தன் மனதில் வேறு எண் ஏறிவிடக் கூடாது என்ற பயம். விதிப் புத்தகம் எழுதியவர்களே இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, யார் வீட்டுக்கோ திருடப் போகிறவர் போல, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனார்.

சலூனில் கூட்டமே இல்லை. அதுவே முதல் அதிர்ச்சி. பெஞ்சில் அப்போ அண்ணனும் இப்போ தம்பியும் மட்டும் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியிலிருந்து ஒரு வாலிபர் எழுந்து கழுத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு நூறும் ஓர் ஐம்பதும் எடுத்து நீட்டினார். சலூன்காரர் மீதி எதுவும் கொடுக்காமல் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். நிமிர்ந்தபோது கண்ணாடியில் விலையம்மாவைப் பார்த்தார்.

கத்திரி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சேம்மா" என்றார்.

"ஆமா. வெள்ளிக்கிழமைதான்" என்றார் விலையம்மா. "வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவுங்க?"

பேப்பர் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின. சலூன்காரர் கத்திரியை எடுத்தார், துடைத்தார், மறுபடி துடைத்தார். "நூத்தி அம்பது" என்றார், திருடி மாட்டிக்கொண்ட குரலில்.

"எனக்கு மட்டும் ஏன் நாப்பது சொன்னீங்க? ஒன்பது வருஷமா பொய் சொல்லி என் வேலைக்கே உலை வச்சிருக்கீங்களே!" கடைக்குள் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"பொய் இல்லம்மா!" சலூன்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தியமா பொய் சொல்லல. நீங்க வர்ற அன்னைக்கு நாப்பதுதான் வாங்குறேன். காலையில கடை திறந்ததுல இருந்து பூட்டுற வரைக்கும் யார் வந்தாலும் நாப்பது. இவங்களையே கேளுங்க."

இப்போ தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமாக்கா. ரெண்டாஞ் செவ்வாய் மலிவுன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் அன்னைக்கு வாசல் வரைக்கும் ஆள் நிப்பாங்க" என்றார். "ஆனா நீங்க கடையில இருக்கும்போது யாராவது விலைப் பேச்சு எடுத்தா, பாதி வெட்டின தலையோட இறக்கி விட்டுடுவேன்னு இவர் கட்டளை. பாதித் தலையோட எங்கக்கா போறது?"

"ஏதோ வேண்டுதல்னு நாங்க நினைச்சோம்" என்றார் அப்போ அண்ணன்.

விலையம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். 'கூட்டம் அதிகம், தொழில் நன்று' என்று மாதாமாதம் எழுதியது ஞாபகம் வந்தது. "எதுக்குங்க இதெல்லாம்?" என்றார்.

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லாத தொழில் அது.

"அன்னைக்கு அம்பதுன்னு சொன்னேன். நீங்க அழுதுட்டீங்க. தாள்ல கண்ணீர் விழுந்து எழுத்து கலைஞ்சுபோச்சு. எனக்குக் கை ஓடல. இத்தனை வருஷமா விலை கேட்டுட்டுப் போறாங்களே, ஏறின பத்து ரூபாக்கு யாராவது அழுவாங்களா? நாட்டு விலையையெல்லாம் இந்தம்மா தன் தலையில தூக்கிட்டுப் போறாங்க போலன்னு தோணுச்சு. நான் ஏத்தினா நாடு இறங்கிடும், அதுக்கு இவங்க அழுவாங்கன்னு நினைச்சுட்டேன். படிக்காதவன்தானே. அதனால நாப்பதுன்னேன். சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு அன்னைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் நாப்பதே வாங்கினேன். அடுத்த மாசம் மறுபடி வந்தீங்க. முகத்தைப் பார்த்தா ஏத்திச் சொல்ல வாய் வரல. அப்படியே..." கையை விரித்தார். "என் பச்சைத் துண்டையும் தோள்ல போட்டுக்கிட்டே போயிட்டீங்க. அதைக் கேக்கவும் வாய் வரல."

விலையம்மாவுக்கு வீட்டில் கணவரின் வழுக்கையைத் துடைக்கும் துண்டு கண்முன் வந்தது. கூடவே, பழக்கதோஷம், மனம் பெருக்கத் தொடங்கிவிட்டது. மாதத்துக்கு ஒரு நாள், நாளுக்குப் பத்துப் பதினைந்து தலை, தலைக்கு முதலில் பத்து, பிறகு இருபது, இப்போது நூற்றுப்பத்து, ஒன்பது வருடம். பாதி வழியில் பெருக்கலை நிறுத்திவிட்டார். தன்னுடைய ஒரே ஒரு அழுகைக்காக அவ்வளவு பெரிய தொகையை உலகத்தில் யாரும் செலவழித்ததில்லை. கோபப்பட்டுக்கொண்டு வந்தவருக்கு இப்போது அந்த ஒல்லி மனிதரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. உடன்பிறந்த அண்ணனைப் பார்ப்பது போல இருந்தது. திட்டவும் வேண்டும், சாப்பாடு போடவும் வேண்டும்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் வேலை போச்சுங்க" என்றார். "அதுக்குத்தான் அழுதேன். உங்க பத்து ரூபாய்க்கு இல்ல." சொல்லி முடித்ததும் அதுவும் முழுசாகச் சரியில்லை என்று பட்டது. "அன்னைக்கு அந்தப் பத்தும் எனக்குப் பெருசுதான்" என்றார்.

பிறகு விலையம்மா பையைத் திறந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். "ஒவ்வொரு வருஷமும் மத்த நாள்ல என்ன வாங்கினீங்கன்னு சொல்லுங்க. நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

சலூன்காரருக்கு ஞாபகம் இல்லை. விலையை ஏற்றுகிறவனுக்கு அது மறந்துவிடும், கொடுக்கிறவனுக்குத்தான் மறக்காது. ஆகவே பெஞ்சுக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள்.

"நான் ரிட்டயர் ஆன வருஷம் அறுபது. வழியனுப்பு விழாவுக்கு முந்தின நாள் வந்தேன்" என்றார் அப்போ அண்ணன். "முடி மட்டும் வெட்டிக்கிட்டேன், சவரம் வீட்டுலயே பண்ணிக்கிட்டேன். ரெண்டுக்கும் சேர்த்துக் கையில இல்ல." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டவர் போல நிறுத்தினார். அவருடைய பொற்காலத்துக்குள் அப்படியொரு நாள் இருந்ததை அவரே அப்போதுதான் பார்த்தார்.

"நான் கடை திறந்த வருஷம் எண்பது. அப்போ எனக்கு ஒரு நாளைக்கு முப்பது போன் வரும்" என்றார் இப்போ தம்பி. "இப்போ அஞ்சு வந்தா அதிகம்" என்று சேர்த்துக்கொண்டார், யாரும் கேட்காமலே.

மகள் பிறந்த வருடம், மோட்டார் சைக்கிள் விற்ற வருடம், கடைத்தெருவில் தண்ணீர் புகுந்த வருடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுபதா எண்பதா என்று ஒரு வருடத்துக்கு அரைமணி நேரம் சண்டை நடந்தது. பக்கத்துத் தையற்கடைக்காரரைக் கூப்பிட்டுத் தீர்த்தார்கள். மதியத்துக்குள் ஒன்பது வருடமும் தாளில் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்குள் அப்போ அண்ணன் இப்போவுக்குப் பரிந்து பேசிக்கொண்டிருந்தார், இப்போ தம்பி அப்போவுக்கு. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை அதிகாரி அந்தத் தாளை மூன்று முறை படித்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், பதினொண்ணாம் விதியைப் பாருங்க. அன்னைக்கு அந்தக் கடையில ஆள் உண்மையில கொடுத்த விலை. அன்னைக்கு எல்லாரும் நாப்பதுதானே கொடுத்திருக்காங்க? அப்ப நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி. நான் இப்படியே ஒரு வரி எழுதி ஃபைலை மூடிடுறேன். உங்க தாள் எல்லாம் அப்படியே இருக்கும். யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

விலையம்மாவுக்கு அப்போது எதிரே ஒரு வாசல் திறந்தது. நுழைந்தால் போதும், எட்டு மாதம் கழித்து மாலையோடு வீட்டுக்குப் போகலாம்.

"விதிப்படி சரிங்க மேடம். ஆனா அந்தப் பேட்டையில நாப்பதுக்கு யாரும் முடிவெட்டிக்கிட்டு வாழலையே. மாசத்துல இருபத்தொன்பது நாள் அவங்க பட்டது அதுல இல்லையே" என்றார். "திருத்துங்க. அதுக்காக என் மத்த தாளை ஒதுக்கணும்னா ஒதுக்கிக்கோங்க. ஆனா தெரிஞ்சே தப்பா ஒரு எண்ணை என் கையெழுத்துல விட்டுட்டு என்னால போக முடியாது."

"திருத்தினா புத்தகத்துல நம்ம ஊர் எண்ணே மாறும். மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் மேடம். என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து சொல்றேன்."

அதிகாரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இந்தப் பக்கம் திரும்பியபோது மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஒன்பது வருஷம் ஒரு ஆள் உங்க முகத்துக்காக விலை மாத்தியிருக்கார். எங்க வகுப்புல இப்படி ஒரு பிழைக்குப் பேரே சொல்லித் தரல மேடம்" என்றார். பிறகு பேனாவை எடுத்து, விலை கேட்பவர் தானே கண்டறிந்து தானே தெரிவித்த திருத்தம் என்று எழுதினார். முடிவெட்டு வரி மட்டும் ஒன்பது வருடத்துக்கு மாறும். மற்ற தாள்கள் எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

சும்மாவும் விட முடியாதல்லவா? ஏழாம் விதியை மீறி விலை கேட்ட இடத்தில் முகத்தில் வருத்தம் காட்டியதற்காக, இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக விலையம்மாவுக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதாக மிரட்டினார். அன்று அவர் நகம் மஞ்சள்.

அடுத்த இரண்டாம் செவ்வாய் பதினொன்றரைக்கு விலையம்மா சலூன் படி ஏறினார். பழக்கத்தில் வந்த கூட்டம் வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. "எங்க தலையிலயே கையை வச்சுட்டீங்களே விலையம்மா" என்றார் அப்போ அண்ணன். "இனிமே மலிவு நாள் புதன்கிழமைதானாம். அது உங்க தாள்ல வராதாம்" என்று இப்போ தம்பி ரகசியத்தை உடைத்தார்.

விலையம்மா பையிலிருந்து புத்தம்புதுப் பச்சைத் துண்டு ஒன்றை எடுத்துச் சலூன்காரரின் நாற்காலிக் கையில் போட்டார். கடைக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பிறகு அட்டையை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஆண்கள் முடிவெட்டு, சாதாரணம், ஒரு தலை. எவ்வளவுங்க?"

சலூன்காரர் கத்திரியை நிறுத்தினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு, மருந்து விழுங்குகிறவர் போலச் சொன்னார். "நூத்தி அம்பதும்மா."

விலையம்மா முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. ஏழாம் விதி அதுவரை அவ்வளவு அழகாகக் காப்பாற்றப்பட்டதில்லை. எழுதினார்.

"இன்னைக்காவது சொல்லுங்க" என்றார் அப்போ அண்ணன். "நாடு அப்போ நல்லா இருந்துச்சா, இப்போவா?"

"கேக்கிறதும் எழுதுறதும்தாங்க என் வேலை" என்றார் விலையம்மா. ஆனால் பேனாவை மூடவில்லை. 'குறிப்பு' என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதும் வரியை எழுதாமல், வேறு ஏதோ மெதுவாக எழுதிவிட்டு, கையெழுத்துக்காகத் தாளைச் சலூன்காரரிடம் நீட்டினார்.

சலூன்காரர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். 'விலை ஏறியுள்ளது. கேட்டவர் நலமாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். புதுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.